உள்வாடகைக்கு எடுத்த மேகம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் இயக்குநர், சட்ட ஆலோசனை கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார். வயது 58. அப்பா காலத்துக் கூட்டு வணிகத்தைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கியவர். இரண்டு யூனிட், 140 தொழிலாளர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நண்பரின் மகன் வந்து, "எல்லோரும் கிளவுடுக்குப் போய்விட்டார்கள், நீங்கள்தான் பாக்கி" என்று சொல்லியிருக்கிறார். தரவைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காமல், வேறோர் இடத்திலுள்ள சர்வர் எனும் பெரிய கம்ப்யூட்டர்களில் இணையம் வழியாக வைத்துப் பயன்படுத்துவதைத்தான் பொதுவாகக் கிளவுட் என்கிறார்கள். அதைக் கேட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு, நூல் இருப்பு, சம்பளப் பட்டியல், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் அந்தத் தம்பி நடத்தும் மென்பொருள் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். ஒப்பந்தம் கிடையாது, ஆண்டுக்கொரு பில் மட்டும். இந்த ஆண்டு புதுப்பிக்கும்போது 3,40,000 கேட்டிருக்கிறார்கள். இவர் பழைய தொகையையே அனுப்பினார், வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் லாகின் திறக்கவில்லை. கேட்டதற்கு, "மீதி வந்ததும் திறந்துவிடுகிறேன் அங்கிள், டேட்டா நம்ம சர்வரில் பத்திரமாக இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் பதில்.

அடுத்த வாரம் ஒரு ஷிப்மென்ட் போக வேண்டும். வெளிநாட்டு சர்வரில் கணக்கு இருந்தால் சட்டவிரோதம் என்கிறார் ஆடிட்டர். தரவுத் திருட்டு என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறார் மைத்துனர். பெரிய கம்பெனிகளே கிளவுடை விட்டு வெளியே வருகின்றன, நாமும் சொந்த சர்வர் வாங்கிவிடலாம் என்கிறார் மகன். கடிதத்தின் கடைசி வரி: "அவன் அப்பாவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நோட்டீஸ் அனுப்பினால் கல்யாண வீட்டில் எப்படி முகம் பார்ப்பது?"

ஐயா, உங்கள் கடிதத்தை விட நீங்கள் இணைத்திருந்த பில்லைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வரி: "கிளவுட் கட்டணம், ஓராண்டு." எந்தச் சேவை, எந்த ஊர் சர்வர், எத்தனை பேர் பயன்படுத்தலாம், பேக்கப் உண்டா, ஒன்றும் இல்லை. அடியில் ரப்பர் ஸ்டாம்புக்குக் கீழே பொடி எழுத்தில், "நிலுவை இருப்பின் முன்னறிவிப்பின்றிச் சேவை நிறுத்தப்படும்." மூன்று ஆண்டு வணிகத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஆவணம் இவ்வளவுதான். யூனிட்டுக்கு ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கினால் இதைவிட நாலு மடங்கு காகிதம் கேட்டு வாங்கியிருப்பீர்கள்.

சாவி யார் பெயரில்?

"எங்கள் தரவு உலகின் மிகப் பெரிய கிளவுட் நிறுவனத்திடம் இருக்கிறது, அவர்களிடம் நேரடியாகக் கேட்டால் தரமாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தரமாட்டார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாது. நடந்திருப்பது உள்வாடகை. பெரிய நிறுவனத்திடம் அந்தத் தம்பி தன் பெயரில் சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதில் ஓர் அறையை உங்களுக்கு விட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு வாடகை தருபவர் அவர்; சாவியும் அவரிடம். நீங்கள் வீட்டுக்காரரிடம் போய் நின்றால், "நீங்கள் யார்?" என்றுதான் கேட்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். உங்களுக்கு விற்கப்பட்டது கிளவுடே அல்ல. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2011-இல் வெளியிட்ட வரையறையைத்தான் இந்தத் துறையில் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவார்கள். அதில் முதல் இலக்கணம், பயன்படுத்துபவர் யாரையும் கேட்காமல் தானே தேவையானதை எடுத்துக்கொள்ளவும் விட்டுவிடவும் முடிய வேண்டும் என்பது. நீங்களோ பேக்கிங் பிரிவுக்கு ஒரு புதிய லாகின் வேண்டுமென்றால் அவருக்கு போன் செய்து இரண்டு நாள் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேறு ஊரில் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டருக்குப் பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். இது அவர் மட்டும் செய்வதில்லை. "கிளவுட்" என்று போர்டு வைத்தால் விலை ஏறுகிறது, அவ்வளவுதான்.

"கிளவுடில் இருந்தால் தானாகவே பேக்கப் ஆகிவிடும்" என்பது அடுத்த நம்பிக்கை. ஆகாது. கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவை பெரிய நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளே வைத்த தரவுக்கும் அதன் நகலுக்கும் வாடிக்கையாளரே பொறுப்பு என்று அவர்களுடைய நிபந்தனைகளே சொல்கின்றன. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்தபோது, தனியாக நகல் வைத்திராத வாடிக்கையாளர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். மாறாக, 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் அமைப்பே ஓர் அமைப்புப் பிழையால் அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்ததால் மீண்டு வந்தார்கள். அந்தத் தம்பி எங்காவது நகல் வைத்திருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. அவர் பெரிய நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய வாடகையைக் கட்டியிருக்கிறாரா என்பதும் தெரியாது. கட்டாமல் விட்டால், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அவருடைய கணக்கோடு உங்கள் தரவும் அழியும். அதனால்தான் சண்டையை நீட்டிக்கொண்டு போக வேண்டாம் என்கிறேன்.

பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டா?

பணம் வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமைக்குப் பற்றுரிமை என்று பெயர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இல் இதற்குத் தையற்காரரையே உதாரணம் காட்டுகிறது. தைக்கக் கொடுத்த துணியைக் கூலி வரும்வரை அவர் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தம்பியின் வழக்கறிஞர் நாளைக்கு இதைத்தான் எடுப்பார்.

அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அந்த உரிமை செய்து முடித்த வேலைக்கான கூலிக்குத்தான். உங்களிடம் கேட்பது வரப்போகும் ஆண்டின் கட்டணம். பழைய பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லை. தைக்கப்போகும் சட்டைக்கு முன்பணம் கேட்டு, ஏற்கெனவே தைத்துக் கூலி வாங்கிய சட்டையை யாரும் பிடித்து வைக்க முடியாது. இரண்டாவது, துணி கையில் பிடிக்கும் பொருள், தரவு அப்படியல்ல. 2014-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட உங்கள் வழக்கையே விசாரித்தது. ஒரு பத்திரிகை நிறுவனத்தின் சந்தாதாரர் பட்டியலைப் பராமரித்துவந்தவர்கள், கட்டணத் தகராறில் அதைத் தர மறுத்தார்கள். மின்னணுத் தரவுத்தொகுப்பின் மேல் பற்றுரிமை கிடையாது என்று தீர்ப்பானது. இங்கே அது கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல, எடுத்துக்காட்டலாம்.

உங்களுக்குப் பாதகமானதையும் சொல்ல வேண்டும். பில்லில் இருக்கும் அந்தப் பொடி எழுத்து வரி. மூன்று ஆண்டு அதை மறுக்காமல் பணம் கட்டியிருக்கிறீர்கள். ஆகவே, சேவையை நிறுத்த அவருக்கு ஓரளவு வாதம் இருக்கிறது. விலையை உயர்த்துவதும் அவர் உரிமை. பழைய விலைக்கே தர வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் கடையை மூடுவது வேறு, உள்ளே இருக்கும் உங்கள் சரக்கைத் தர மறுப்பது வேறு. அந்த வரி முதலாவதை மட்டும்தான் தொடுகிறது. தவிர, நீங்கள் அனுப்பிய 1,80,000-ஐத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டார் என்பது உங்கள் பக்கம் பேசும்.

காவல் நிலையமா, நீதிமன்றமா, வங்கியா?

மைத்துனரின் கோபம் புரிகிறது. ஆனால் இது திருட்டு அல்ல, நீங்களாக ஒப்படைத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43, அனுமதி பெற்றவரைக் கம்ப்யூட்டருக்குள் நுழையவிடாமல் தடுப்பதற்கு இழப்பீடு கேட்க வழி செய்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு, கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவரின் அனுமதியின்றிச் செய்பவரைப் பற்றியது. இங்கே சர்வருக்குப் பொறுப்பானவரே அவர்தான் என்று வாதம் வரும். புகாரை வாங்கிக்கொண்டு, "இது சிவில் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். அதற்குள் அவர் பயந்துபோய் ஏதாவது அழித்துத் தொலைத்தால்?

நீதிமன்றத்துக்குப் போனால் தரவை ஒப்படைக்கும்படி செயலுறுத்துக் கட்டளையும், அதுவரை அழிக்காமல் வைத்திருக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். வலுவான வழக்குதான். ஆனால் அடுத்த வாரத்து ஷிப்மென்டுக்குள் நடக்காது.

நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். அந்த 1,60,000-ஐக் கட்டிவிடுங்கள். ஆனால் தலைகுனிந்து அல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 72, நெருக்கடிக்கு உட்படுத்தி வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதிலுள்ள உதாரணம் ஒரு ரயில்வே நிறுவனத்தைப் பற்றியது. நியாயமற்ற கூடுதல் கட்டணம் கொடுத்தால்தான் சரக்கைத் தருவேன் என்கிறது நிறுவனம். சரக்கு வேண்டுமே என்று உரியவர் கட்டுகிறார். கூடுதலாகக் கட்டியதை அவர் திரும்ப வாங்கலாம் என்கிறது சட்டம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ரயிலுக்கு எழுதியது உங்கள் சர்வருக்கும் பொருந்துகிறது. ரொக்கமாகவோ தனிப்பட்ட எண்ணுக்கோ அனுப்பாமல், நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். அனுப்பும் முன் மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: "இந்தத் தொகையை ஒப்புக்கொண்டு கட்டவில்லை. எங்கள் தரவு முழுவதையும் உடனே பெற வேண்டிய நெருக்கடியில், ஆட்சேபத்துடன், எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறோம். எங்கள் தரவின் எந்தப் பகுதியையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது." வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்த "மீதி வந்ததும் திறந்துவிடுகிறேன்" என்ற வரிதான் உங்கள் முக்கியச் சாட்சி.

கூடவே, எல்லாம் போய்விட்டது என்ற பதற்றத்தையும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீங்கள் தாக்கல் செய்த விற்பனை விவரங்கள் ஜிஎஸ்டி தளத்தில் இருக்கின்றன. ஷிப்பிங் பில்கள் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில், பிஎஃப் மாதப் பட்டியல்கள் வருங்கால வைப்பு நிதித் தளத்தில், பண நடமாட்டம் வங்கியில். உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் பழைய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மாதிரிகள் இருக்கும். அடுத்த வார ஷிப்மென்டுக்கு அட்டைப்பெட்டி எண்ணிக்கையை வைத்து எக்செல்லில் புதிதாகத் தயாரித்துவிடலாம். லாகின் திறந்தால்தான் கன்டெய்னர் நகரும் என்று அந்தத் தம்பி நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் அப்படியே நினைக்க வேண்டியதில்லை.

ஆடிட்டர் சொன்னதில் பாதி

கணக்குகள் வெளிநாட்டு சர்வரில் இருப்பதே குற்றம் என்பது சரியல்ல. நிறுவனங்களின் கணக்கு விதிகள், 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டபின் சொல்வது இது: மின்னணுக் கணக்குப் புத்தகங்கள் எந்த நேரமும் இந்தியாவில் பார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும், அவற்றின் நகல், இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் எடுத்து வைக்கப்பட வேண்டும். மும்பை, ஹைதராபாத், சென்னை, புனே என்று பெரிய நிறுவனங்களின் மையங்கள் இங்கேயே இருப்பதால் அது கடினமல்ல. சேவை தருபவரின் பெயர், இருப்பிடம், அவர் தந்த கிளவுட் முகவரி ஆகியவற்றை ஆண்டுதோறும் நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம், கடந்த மூன்று ஆண்டு அங்கே என்ன எழுதிக் கொடுத்தோம் என்று கேளுங்கள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

"கணக்கைத் தொலைத்தால் அவன்தானே பொறுப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. எட்டு நிதியாண்டுக் கணக்கைப் பாதுகாக்க வேண்டியது நிறுவனம். தவறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் பொறுப்பிலுள்ள இயக்குநருக்கு, அதாவது உங்களுக்கு. சாப்ட்வேர்காரர் பூட்டிவிட்டார் என்பது பதில் ஆகாது. தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களும் அந்தச் சர்வரில்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்போது, அந்தத் தம்பி கோட்டைவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மகனுக்கு ஒரு பதில்

அவர் படித்தது பொய்யல்ல. கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் தன் தரவில் பெரும்பகுதியை வாடகை இடத்திலிருந்து சொந்த மையங்களுக்கு மாற்றி, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியதாகப் பங்குச் சந்தை ஆவணத்தில் சொன்னது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம், 2022-இல் மட்டும் 32 லட்சம் டாலர் கிளவுட் பில் வந்ததைப் பார்த்துவிட்டு, சொந்த இயந்திரங்களுக்குத் திரும்பியது. மாதாமாதம் ஒரே அளவு வேலை இருப்பவருக்கு வாடகையைவிடச் சொந்தம் லாபம் என்பது அவர்கள் கணக்கு. உங்களுக்கும் வேலை அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த நிறுவனங்களில் சர்வரைக் கவனிப்பதே முழுநேர வேலையாக இருப்பவர்கள் உண்டு. உங்களிடம் இருப்பவர் ஒரு கணக்காளர். அவர் வெள்ளிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவையும் பார்க்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் செக்கிங் பிரிவுக்கு அடுத்த அறையில் இருந்ததாகவும், ஆண்டுக்கு இரண்டு முறை பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டு நின்றதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே திரும்பப் போகப் போகிறீர்களா? சொந்த இடம் என்பதே பாதுகாப்பும் அல்ல. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென் கொரியாவின் டேஜோன் நகரில் அரசின் சொந்தத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் தரவு அழிந்தது. வெளியே நகல் இல்லை. ஒரு நாட்டின் அரசுக்கே அந்த நிலைமை.

என் கருத்து, வாடகையிலேயே இருங்கள். ஆனால் வாடகைச் சீட்டு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். பெரிய நிறுவனம் ஒன்றில் உங்கள் பான், ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து நீங்களே கணக்குத் தொடங்குங்கள். இந்தத் தம்பியோ வேறொருவரோ அதற்குள் வந்து வேலை செய்யட்டும். தகராறு வந்தால் அவருடைய லாகினை நீங்கள் மூடலாம். எல்லா அதிகாரமும் கொண்ட மூல லாகின் நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் நிறுவனத்தின் சிம்மிலும் இருக்க வேண்டும். கரூரில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு எல்லாம் சொந்தப் பெயரில்தான் இருந்தது. ஓடிபி மட்டும், வேலையை விட்டுப்போன ஒரு மேலாளரின் மொபைலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் அவருக்கு போன் செய்து, நலம் விசாரித்து, ஆறு எண்களை வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துத்தான் எண்ணை மாற்றினார்கள்.

இதோடு, வாரத்துக்கு ஒருமுறை ஒரு நகலை ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, யூனிட்டில் அல்ல, வீட்டுப் பீரோவில் வையுங்கள். மகனுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம்.

அந்தத் தம்பியிடம் எப்படிப் பேசுவது?

நோட்டீஸ் அனுப்பத்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் முகத்துக்காகச் சும்மா இருப்பதும் வேண்டாம். ஒப்பந்தம் எழுதாமல் விட்டதற்குக் காரணமே அந்த ஒரே பெஞ்சுதானே? அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம். இந்த வாடகையைப் பல இடங்களில் டாலரில் கணக்கிடுவார்கள். மூன்று ஆண்டில் உங்கள் தரவும் பெருத்திருக்கும். அவருக்கு வந்த பில்லைக் காட்டச் சொல்லுங்கள். நியாயமாக இருந்தால் உயர்வை ஒப்புக்கொண்டு, இம்முறை எழுத்தில் ஒப்பந்தம் போட்டுத் தொடரலாம். அதில் மூன்று விஷயங்களை விடாதீர்கள்: எந்தத் தகராறிலும் தரவை முழுதாகத் தந்துவிட வேண்டும், விலை உயர்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு, விலகியபின் தம்மிடமுள்ள நகலை அழித்ததாக எழுத்துச் சான்று.

அவர் தரும் தரவை வாங்கும்போது ஏமாறாதீர்கள். பிடிஎஃப் அறிக்கைகளை ஒரு கட்டு அனுப்பிவிட்டு "எல்லாம் கொடுத்துவிட்டேன்" என்பார்கள். உங்களுக்கு வேண்டியது மென்பொருளின் சொந்த வடிவத்திலுள்ள முழு பேக்கப். 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு பதிவையும் யார், எப்போது திருத்தினார்கள் என்ற தடயப் பதிவு நிறுவனங்களுக்குக் கட்டாயம். அதுவும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டிவரும். மென்பொருளின் உரிமம் உங்கள் பெயரிலா அவர் பெயரிலா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவர் பெயரில் என்றால் பேக்கப் கையில் இருந்தும் திறக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போங்கள். அவருடைய அப்பாவும் இருக்கட்டும். காபி வரும், பழைய கதை வரும். உங்கள் கணக்காளரையும், போன ஆண்டின் ஆடிட் செய்த டிரையல் பேலன்ஸையும் (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் பட்டியல்), ஒரு காலி ஹார்டு டிஸ்க்கையும், ஒரு மடிக்கணினியையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். நகல் எடுத்து முடித்து, அதே இடத்தில் உங்கள் மடிக்கணினியில் திறந்து, அதில் வரும் போன ஆண்டின் டிரையல் பேலன்ஸும் நீங்கள் கொண்டுபோனதும் கடைசி ரூபாய் வரை ஒத்துப்போவதைக் கணக்காளர் பார்த்துச் சொல்லும்வரை எழுந்திருக்க வேண்டாம்.